ஜூலை 4க்கு முன்பே அரசு இருந்தது: 13 அமெரிக்கக் காலனிகள் பிரிந்த வழி

#1 பனையேடு

அமெரிக்க விடுதலை என்றால் பாஸ்டன் துறைமுகத் தேயிலை, 1776 ஜூலை 4, ஜார்ஜ் வாஷிங்டன் என்று மூன்று காட்சிகளோடு பாடநூல்கள் முடித்துக்கொள்கின்றன. இடையில் நடந்ததைத்தான் இந்த இழையில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். வரி வசூல், நீதிமன்றம், படை, தபால் என்று ஒவ்வொன்றாகப் பேரரசின் கையிலிருந்து எடுத்துக்கொண்ட பிறகே அந்தத் தலைவர்கள் பிரிவை அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தபோது வேலையில் பெரும்பகுதி முடிந்திருந்தது.

மாசசூசெட்ஸை எடுத்துக்கொள்வோம். 1773 டிசம்பர் 16 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. பதிலுக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1774இல் தண்டனைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது பலருக்கும் தெரியும். ஊர்ப்புறத்து விவசாயியை உலுக்கியது வேறொன்று: மாசசூசெட்ஸ் அரசாங்கச் சட்டம். அதுவரை சட்டசபை தேர்ந்தெடுத்துவந்த மேலவையை இனி அரசரே நியமிப்பார். ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான்; அதற்கு மேல் கூட ஆளுநரின் அனுமதி வேண்டும். நீதிபதி, ஷெரிப் நியமனமும் ஆளுநர் விருப்பம்.

இந்தச் சட்டப்படி ஒரு நீதிமன்றத்தையும் நடக்கவிடக் கூடாது என்று ஊர்கள் முடிவெடுத்தன. 1774 செப்டம்பர் 6 அன்று வூஸ்டரில் 37 ஊர்களின் ஊர்ப்படையினர் சுமார் 4,600 பேர் தெருவின் இருபுறமும் அணிவகுத்து நின்றார்கள். நீதிபதிகளும் அதிகாரிகளும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவே நடந்து, புதிய சட்டத்தின்கீழ் பணிபுரிய மாட்டோம் என்று ஒவ்வோர் ஊர்ப்படையின் முன்பும் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. பாஸ்டனுக்கு வெளியே அரசரின் நிர்வாகம் அந்த இலையுதிர்காலத்திலேயே நின்றுவிட்டது.

அக்டோபரில் ஆளுநர் தாமஸ் கேஜ் சட்டசபைக் கூட்டத்தை ரத்துசெய்தார். உறுப்பினர்கள் அதைப் பொருட்படுத்தாமல் சேலத்தில் கூடி, தங்களை மாகாணக் காங்கிரஸ் என்று அறிவித்துக்கொண்டு, காங்கார்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஹென்றி கார்ட்னர் என்பவரை வரி பெறுநராக நியமித்தார்கள். ஊர்கள் திரட்டிய வரியை அரசரின் கருவூலர் ஹாரிசன் கிரேயிடம் கட்ட வேண்டாம், கார்ட்னரிடம் கட்டுங்கள் என்று சொன்னார்கள். என்னைக் கேட்டால் பிரிவு தொடங்கிய நாள் அதுதான்.

மற்ற காலனிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 வைகைக்கரை

நல்ல தொடக்கம். காலனிகள் அனைத்தையும் ஒரே நூலில் கோத்த ஆவணம் ஒன்று உண்டு. அதை எடுத்துச் சொல்கிறேன்.

காலனிகளின் பிரதிநிதிகள் சேர்ந்து உட்கார்ந்த பொது அவையான முதல் கான்டினென்டல் காங்கிரஸ் 1774 செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 26 வரை பிலடெல்பியாவில் தச்சர் சங்க மண்டபத்தில் கூடியது. 12 காலனிகள், 56 பிரதிநிதிகள். அக்டோபர் 20 அன்று 'கான்டினென்டல் அசோசியேஷன்' என்ற உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 14 பிரிவுகள். மேலோட்டமாகப் பார்த்தால் வணிகப் புறக்கணிப்பு. பிரிவுகளை வரிசையாகப் படித்தால் ஒரு நிர்வாகக் கையேடு.

இறக்குமதித் தடை 1774 டிசம்பர் 1 முதல். ஏற்றுமதித் தடை 1775 செப்டம்பர் 10 முதல்தான். இந்த ஒன்பது மாத இடைவெளி விர்ஜினியாவுக்காக. புகையிலையைப் பறித்துப் பதப்படுத்திக் கப்பலேற்ற ஓராண்டுக்கு மேல் ஆகும். கையிலுள்ள விளைச்சலை விற்காமல் தோட்டக்காரர்கள் இணங்க மாட்டார்கள். தென் கரோலினா அரிசிக்கு விலக்கு கேட்டு அடம்பிடித்து, ஐரோப்பாவுக்கு அனுப்பும் அரிசிக்கு மட்டும் வாங்கிக்கொண்டது.

தடை தொடங்கிய பிறகும் கடலில் கப்பல்கள் வந்துகொண்டிருக்குமே? அதற்கு 10ஆம் பிரிவு. டிசம்பர் 1க்கும் பிப்ரவரி 1க்கும் இடையில் வரும் சரக்குக்கு உரிமையாளர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: திருப்பி அனுப்பலாம், தன் பொறுப்பில் குழுவின் கிடங்கில் போட்டுவைக்கலாம், அல்லது குழு மேற்பார்வையில் விற்கலாம். விற்றால் கொள்முதல் விலையும் செலவும் அவருக்கு, லாபம் பாஸ்டனின் ஏழைகளுக்கு. பிப்ரவரி 1க்குப் பின் வந்தால் மூட்டை பிரிக்காமல் திரும்பிப் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமானது 11ஆம் பிரிவு. ஒவ்வொரு கவுன்டியிலும், நகரிலும், ஊரிலும் சட்டசபைக்கு ஓட்டுரிமை உள்ளவர்கள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீறியவர் பெயரை அந்தக் குழு செய்தித்தாளில் அச்சிடும். அதன்பின் அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறையோ அபராதமோ கிடையாது. கடன் வாங்கியும் கொடுத்தும் வாழும் சிற்றூரில் அந்த ஒதுக்கிவைப்பே போதுமானதாக இருந்தது. காலனியெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி முதல்முறையாகப் பொதுப் பொறுப்புக்கு வந்தார்கள். போர் மூண்டதும் ஆள் சேர்த்தது, வெடிமருந்து திரட்டியது, விலையைக் கண்காணித்தது எல்லாம் இதே குழுக்கள்.

#3 கெடிலம்

இரண்டு கேள்விகள். 13இல் எந்தக் காலனி வரவில்லை, ஏன்? பெரியதும் சிறியதும் கலந்த அவையில் ஓட்டை எப்படி எண்ணினார்கள்?

#4 வைகைக்கரை

வராதது ஜார்ஜியா. மக்கள்தொகை குறைவு, எல்லையில் கிரீக் பழங்குடியினரோடு மோதல். பிரிட்டிஷ் படையும் ஆயுதமும் தேவைப்பட்ட நேரத்தில் லண்டனைப் பகைத்துக்கொள்ள அங்கே தயக்கம். 1775 மே மாதம் செயின்ட் ஜான் பகுதி மட்டும் லைமன் ஹாலைத் தன் சார்பில் அனுப்பியது; காலனி முழுதும் சேர்ந்தது அதற்குப் பிறகு.

ஓட்டு விஷயத்தில் முதல் நாட்களிலேயே தகராறு. மக்கள்தொகைப்படி கொடுங்கள் என்றார் விர்ஜினியாவின் பாட்ரிக் ஹென்றி. ஆனால் எந்தக் காலனியில் எத்தனை பேர், எவ்வளவு சொத்து என்ற நம்பகமான கணக்கு யாரிடமும் இல்லை. ஆகவே காலனிக்கு ஒரு ஓட்டு என்று முடிவுசெய்து, இது முன்னுதாரணம் ஆகாது என்று குறிப்பேட்டிலும் எழுதிவைத்தார்கள். அந்தத் தற்காலிக ஏற்பாடு 1789 வரை நீடித்தது. புதிய அரசமைப்பை எழுதக் கூடிய 1787 மாநாட்டைக் கிட்டத்தட்ட உடைத்தும்விட்டது.

சமரசத்துக்கும் ஒரு வாசல் இருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இணையாக ஓர் அமெரிக்கப் பேரவை, அதற்கு அரசர் நியமிக்கும் தலைவர் என்று பென்சில்வேனியாவின் ஜோசப் காலோவே ஒரு திட்டம் வைத்தார். ஆறுக்கு ஐந்து என்ற ஓட்டில் அது ஒத்திவைக்கப்பட்டது. பிறகு குறிப்பேட்டிலிருந்தே நீக்கப்பட்டது. ஒரே ஒரு காலனி மாறி ஓட்டளித்திருந்தால் விவாதம் வேறு தடத்தில் போயிருக்கும்.

#5 கொற்றவை

விர்ஜினியாவை நான் எழுதுகிறேன். அடிமைமுறையை விட்டுவிட்டு அந்தக் காலனியின் கதையைச் சொல்ல முடியாது.

1774 மே மாதம் பாஸ்டனுக்கு ஆதரவாக ஒரு நோன்பு நாளை அறிவித்ததற்காக ஆளுநர் டன்மோர் சட்டசபையைக் கலைத்தார். மறுநாள் உறுப்பினர்கள் வில்லியம்ஸ்பர்க்கின் ராலே விடுதியில் கூடி, எல்லாக் காலனிகளும் சேர்ந்து ஒரு காங்கிரஸ் கூட வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். ஆகஸ்டில் முதல் விர்ஜினியா மாநாடு. உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஆளுநர் அழைத்துக் கூடவில்லை, அவர் கலைத்தால் கலையவும் இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

1775 ஏப்ரலில் டன்மோர் ஊர்க் கிடங்கிலிருந்த வெடிமருந்தை இரவோடிரவாக எடுத்துச்சென்றார். எதிர்ப்பு முற்றி, ஜூன் 8 அன்று குடும்பத்தோடு போர்க்கப்பலில் ஏறிக்கொண்டார். மாநாடு 11 பேர் கொண்ட பாதுகாப்புக் குழுவை எட்மண்ட் பெண்டில்டன் தலைமையில் அமைத்து நிர்வாகத்தை ஒப்படைத்தது.

நவம்பரில் டன்மோர் கப்பலிலிருந்து ஒரு பிரகடனம் வெளியிட்டார்: கலகக்காரர்களின் அடிமைகளில் ஆயுதம் ஏந்த வல்லவர்கள் அரசரின் படைக்கு வந்தால் விடுதலை. சில மாதங்களில் பல நூறு பேர் தப்பி வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர் கப்பல்களில் பரவிய பெரியம்மையில் மாண்டது பெருந்துயரம். அதுவரை தயங்கிநின்ற தோட்ட முதலாளிகள் பலரைப் பிரிவினையின் பக்கம் தள்ளியது இந்தப் பிரகடனம். வரிக் கோபத்தை மட்டும் வைத்துத் தெற்குக் காலனிகளை விளக்க முயல்வது எனக்கு ஏற்புடையதல்ல. சுதந்திரம் என்ற கோரிக்கைக்குள் தங்கள் அடிமைகளைத் தக்கவைக்கும் கவலையும் இருந்தது. பிற்பாடு ஜெஃபர்சன் சுதந்திரப் பிரகடனத்துக்கு எழுதிய வரைவில் அடிமை வணிகத்துக்காக அரசரைச் சாடி எழுதிய பத்தி, தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்ததால் காங்கிரஸில் நீக்கப்பட்டது.

#6 பேரேடு

நிர்வாகக் கதை எல்லாம் சரி. காசு எங்கிருந்து வந்தது? எந்தப் புதிய அரசும் முதலில் இடறுவது அங்கேதான்.

லெக்சிங்டனிலும் காங்கார்டிலும் 1775 ஏப்ரல் 19 அன்று பிரிட்டிஷ் படையோடு மோதல். மே 10 அன்று இரண்டாம் காங்கிரஸ் கூடியது. ஜூன் 15 அன்று வாஷிங்டன் தளபதி. ஜூன் 22 அன்று 20 லட்சம் டாலருக்குக் காகிதப் பணம் அச்சிடத் தீர்மானம். வரி போடும் உரிமை காங்கிரஸுக்கு இல்லை. எனவே, இந்தத் தாள்களை மக்கள்தொகைப்படி காலனிகள் பங்கிட்டு, தத்தம் வரியில் திரும்ப வாங்கி, 1779 முதல் நான்கு தவணைகளில் அழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

தாளில் சரியான திட்டம். இதற்கு முன் பல காலனிகள் இப்படிக் காகிதப் பணம் விட்டு, வரியில் திரும்ப வாங்கி, மதிப்பைக் காப்பாற்றியும் இருக்கின்றன. இம்முறை கெட்டதற்குக் காரணங்கள்: 1775 முடிவதற்குள்ளேயே 60 லட்சம் ஆகிவிட்டது, மாநிலங்களும் தம் பங்குக்குத் தனித்தனியாக அச்சடித்தன, போர்க்காலத்தில் வரி போட எந்தச் சட்டசபைக்கும் துணிவில்லை, பிரிட்டிஷ் தரப்பு கள்ள நோட்டு அடித்துப் புழக்கத்தில் விட்டது. 1779 செப்டம்பரில் 20 கோடி டாலரோடு நிறுத்துவதாக காங்கிரஸ் உறுதி எடுத்தது. 1780 மார்ச் 18 அன்று 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று தானே மதிப்பைக் குறைத்தது. அதற்குள் படைக்கு மாடு, மாவு கொடுத்த விவசாயிகளிடமும், சம்பளமாகத் தாளை வாங்கிய சிப்பாய்களிடமும் இழப்பு போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் வரி என்று பெயர் வைக்கவில்லை, ஆனால் போரின் மிகப் பெரிய வரி அதுதான்.

மற்ற உறுப்புகளும் அதே வேகத்தில் முளைத்தன: 1775 ஜூலை 26 தபால் துறை, தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின். செப்டம்பரில் ஆயுதக் கொள்முதலுக்கு ரகசியக் குழு. அக்டோபர் 13 கடற்படை. நவம்பர் 29 வெளிநாட்டுத் தொடர்புக்கு இன்னொரு குழு. சுதந்திரம் என்ற சொல் இன்னும் எந்தத் தீர்மானத்திலும் இல்லை.

#7 பனையேடு

பேரேடு கொடுத்த தேதிகள் என் வாதத்தை இன்னும் வலுவாக்குகின்றன. 1776இன் சட்ட வேலையைப் பார்ப்போம். இதில் வரிசைதான் முக்கியம்.

முதலில் உள்ளூர் அரசுகள். 1775 நவம்பரிலேயே நியூ ஹாம்ப்ஷயருக்கும் தென் கரோலினாவுக்கும் 'தகராறு நீடிக்கும்வரை' புதிய அரசு அமைத்துக்கொள்ளலாம் என்று காங்கிரஸ் யோசனை சொன்னது. 1776 ஜனவரி 5 அன்று நியூ ஹாம்ப்ஷயரும் மார்ச் 26 அன்று தென் கரோலினாவும் தமக்கென அரசமைப்பு எழுதிக்கொண்டன.

அடுத்து, துறைமுகம். ஏப்ரல் 6 அன்று பிரிட்டன் தவிர எல்லா நாடுகளுக்கும் துறைமுகங்களைத் திறந்தார்கள். வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பிரிட்டனின் உரிமை அன்றே மறுக்கப்பட்டது.

பிறகு மே 10 தீர்மானம்: போதுமான அரசு இல்லாத காலனிகள் அமைத்துக்கொள்ளுங்கள். 'எங்களிடம் போதுமான அரசு இருக்கிறதே' என்று பென்சில்வேனியா தப்பிக்கப் பார்த்தது. அங்கே பழைய சாசனப்படி சட்டசபை நடந்துகொண்டிருந்தது, மே 1 தேர்தலில் மிதவாதிகள் ஜெயித்தும் இருந்தார்கள். அந்த வழியை அடைக்கத்தான் ஜான் ஆடம்ஸ் மே 15 அன்று ஒரு முகவுரையைச் சேர்த்தார். அரசரின் பெயரால் நடக்கும் எந்த அதிகாரமும் முற்றிலும் ஒடுக்கப்பட வேண்டும் என்றது அது. ஐந்தே நாளில் பிலடெல்பியாவில் மழைக்கிடையே சுமார் 4,000 பேர் கூடி, பழைய சட்டசபைக்கு அதிகாரமில்லை என்று அறிவித்தார்கள். ஒரு முகவுரை ஒரு சட்டசபையைக் கவிழ்த்தது.

ஜூன் 7 அன்று விர்ஜினியாவின் ரிச்சர்ட் ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்தில் மூன்று பகுதிகள்: சுதந்திரம், அந்நியக் கூட்டணி, கூட்டமைப்புத் திட்டம். மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தவை. கலகக்காரர்களோடு பிரான்ஸ் ஒப்பந்தம் போடாது. தனி நாட்டோடுதான் போடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஓர் ஒன்றியம் வேண்டும். மூன்றுக்கும் மூன்று குழுக்கள் சில நாட்களில் அமைந்தன. சுதந்திரப் பிரகடனத்தை எழுதும் குழுவில் ஜெஃபர்சன், ஆடம்ஸ், பிராங்க்ளின், ரோஜர் ஷெர்மன், ராபர்ட் லிவிங்ஸ்டன்.

#8 இளவேனில்

ஜூலை 4 அன்று 56 பேரும் கூடி ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள் என்றுதான் பல இடங்களில் இருக்கிறது. அது சரியா?

#9 பனையேடு

இல்லை, நண்பரே. ஜூலை 1 அன்று அவை முழுதும் ஒரே குழுவாக உட்கார்ந்து எடுத்த முதற்கட்ட ஓட்டில் ஒன்பது காலனிகள்தான் ஆதரவு. பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்ப்பு. டெலவேரின் இருவரும் எதிரெதிர். நியூயார்க்குக்கு ஓட்டளிக்கும் அதிகாரமே வீட்டிலிருந்து வந்து சேரவில்லை.

ஒன்பது போதும், நிறைவேற்றியிருக்கலாம். ஆனால் நான்கு காலனிகள் வெளியே நின்றால் பிரான்ஸ் நம்பாது, பிரிட்டன் அந்தப் பிளவில் புகுந்துகொள்ளும். ஓர் இரவு அவகாசம் எடுத்தார்கள். டெலவேரின் சீசர் ராட்னி டோவரிலிருந்து சுமார் 80 மைல் இடி மழையில் வந்து சேர்ந்து சமநிலையை உடைத்தார். பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சனும் ராபர்ட் மோரிஸும் ஒதுங்கிக்கொள்ள, மீதி ஐவரில் மூன்றுக்கு இரண்டு என்று ஆதரவு ஆனது. தென் கரோலினா ஒற்றுமைக்காக மாறியது. ஜூலை 2 அன்று 12 ஆதரவு, எதிர்ப்பு இல்லை. பிரிவு நடந்தது அன்றுதான். ஜூலை 4 அன்று ஏற்கப்பட்டது பிரகடனத்தின் வாசகம். நியூயார்க் ஜூலை 9 அன்று ஒப்பியது, தலைப்பில் 'ஒருமனதான' என்று சேர்க்க ஜூலை 19 அன்று தீர்மானித்தார்கள், தோல்பிரதியில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. சிலர் அதற்கும் பின்னால்.

டிக்கின்சனைக் கோழை என்று எழுதுபவர்கள் உண்டு. அது அநியாயம். கூட்டணியும் ஒன்றியமும் உறுதியாவதற்கு முன் அறிவிப்பது ஆபத்து என்பது அவர் வாதம். அடுத்த ஐந்தாண்டு நடந்ததைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. பிரிந்த பிறகு ஊர்ப்படையோடு போர்க்களத்துக்கும் போனார். மாநிலங்களை ஒன்றியமாகக் கட்டிய முதல் அரசமைப்பான கூட்டமைப்பு விதிகளின் முதல் வரைவும் அவருடையதே.

#10 வைகைக்கரை

மாநில அரசமைப்புகள் பற்றி ஒரு சிறு குறிப்பு. விர்ஜினியா ஜூன் 29 அன்றே, அதாவது பிரகடனத்துக்கு முன்பே, தன் அரசமைப்பை முடித்து பாட்ரிக் ஹென்றியை ஆளுநர் ஆக்கிவிட்டது. ரோட் ஐலண்டும் கனெக்டிகட்டும் பழைய அரச சாசனத்தில் அரசரை மட்டும் நீக்கிவிட்டு அதையே வைத்துக்கொண்டன. ஏற்கெனவே தங்கள் ஆளுநரைத் தாங்களே தேர்ந்தெடுத்துவந்தவை அவை. பென்சில்வேனியா எதிர்முனைக்குப் போனது: ஒரே அவை, ஆளுநர் கிடையாது, 12 பேர் கொண்ட நிர்வாகக் குழு.

மாசசூசெட்ஸ்தான் புது வழி கண்டது. சட்டசபையே எழுதிய 1778 வரைவை ஊர்க்கூட்டங்கள் நிராகரித்தன. எழுதியவர்களே பிறகு மாற்றலாம் என்றால் அது அவர்களை எப்படிக் கட்டுப்படுத்தும் என்பது அங்கே எழுந்த வாதம். அதற்கெனத் தனி மாநாடு தேர்ந்தெடுக்கப்பட்டு, வரைவு ஊர்களின் ஓட்டுக்குப் போய், 1780இல் நடைமுறைக்கு வந்தது. 1787இல் நாடு முழுவதற்கும் அந்த முறையைத்தான் தழுவினார்கள்.

#11 பேரேடு

கூட்டமைப்பு விதிகளுக்கு வருவோம். டிக்கின்சன் வரைவு 1776 ஜூலை 12. காங்கிரஸ் ஏற்றது 1777 நவம்பர் 15. நடைமுறைக்கு வந்தது 1781 மார்ச் 1. நடுவில் மூன்றாண்டுக்கு மேல் தாமதமானது நிலத்தால். விர்ஜினியா போன்றவை மேற்கே எல்லையில்லாமல் நிலம் கோரின. அப்படிக் கோரிக்கை இல்லாத மேரிலாந்து, அந்த நிலம் பொதுவாகாமல் ஒப்ப மாட்டேன் என்றது. 1781 ஜனவரியில் விர்ஜினியா ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே இருந்த உரிமையை விட்டுக்கொடுக்க முன்வந்தது. அதே நேரம் மேரிலாந்தின் கடற்கரையைப் பிரிட்டிஷ் கப்பல்கள் சூறையாடின, பிரெஞ்சுக் கடற்படை உதவி தேவைப்பட்டது, பிரெஞ்சுத் தூதர் லா லூசர்ன் 'முதலில் ஒன்றியத்தில் சேருங்கள்' என்று நெருக்கினார். மேரிலாந்து இறங்கிவந்தது.

விதிகளின் கட்டமைப்பு: மாநிலத்துக்கு 2 முதல் 7 பிரதிநிதிகள், ஓட்டு ஒன்றுதான். எவரும் ஆறாண்டில் மூன்றாண்டுக்கு மேல் இருக்க முடியாது. போர், ஒப்பந்தம், கடன், காசு என்றால் ஒன்பது மாநிலங்கள் இணங்க வேண்டும். விதிகளைத் திருத்த 13ம் இணங்க வேண்டும். தலைமை நிர்வாகி இல்லை. வரி அதிகாரம் இல்லை. பங்கு கேட்டுக் கடிதம் எழுதலாம்.

உடைந்த இடங்கள் இவை. 1782ஆம் ஆண்டுக்காக 80 லட்சம் டாலர் கேட்டார்கள். ஆண்டு முடிவில் பத்தில் ஒரு பங்குகூட வந்துசேரவில்லை. மாநிலங்களைப் பொறுத்தவரை, பக்கத்து மாநிலம் கட்டாதபோது தான் மட்டும் கட்டுவது நஷ்டம். எல்லோரும் அப்படியே யோசித்தார்கள். 5 சதவீத இறக்குமதித் தீர்வைக்கு 1781இல் அனுமதி கேட்டார்கள். 12 மாநிலங்கள் ஒப்பின, 1782 நவம்பரில் ரோட் ஐலண்டு மறுத்தது, திட்டம் செத்தது. 1783இல் திருத்திக் கேட்டதை நியூயார்க் முடக்கியது.

சம்பள பாக்கிக்காக 1783 ஜூனில் சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊர்ப்படையை அழைக்க பென்சில்வேனியா அரசு தயங்கியது. காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்து அன்னபோலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று அலைந்தது. போரை முடித்த பிரிட்டனுடனான சமாதான ஒப்பந்தத்தை ஏற்க ஆறு மாதக் கெடு, ஒன்பது மாநிலங்கள் வேண்டும். 1783 டிசம்பர் முழுதும் அன்னபோலிஸில் ஆள் சேரவில்லை. 1784 ஜனவரி 14 அன்றுதான் நிறைவேற்ற முடிந்தது. போரில் வென்றவர்கள் வெற்றிப் பத்திரத்தை ஏற்க ஆள் தேட வேண்டியிருந்தது.

#12 கெடிலம்

இடையில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டதும் போர் சோழமண்டலக் கரைக்கும் வந்துவிட்டது. அந்த ஆண்டே ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். கடலூர் முற்றுகையும், சுஃப்ரென் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பல்கள் அங்கே மோதியதும் 1783 ஜூனில். ஐரோப்பாவில் சண்டை நின்றுவிட்ட செய்தி இங்கே வந்துசேர்ந்திருக்கவில்லை. அமெரிக்கப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று கடலூரில் நடந்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஹைதர் அலியின் பெயரைத் தாங்கிய பென்சில்வேனியாக் கப்பல் ஒன்று 1782 ஏப்ரலில் டெலவேர் வளைகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் பிறகு இங்கே தலைமை ஆளுநராக வந்து திப்புவோடு போரிட்டவர்.

இனி என் கேள்வி: விதிகளைத் திருத்த 13ம் வேண்டும் என்றால், 1787இல் புதிய அரசமைப்பை எழுதியவர்கள் எப்படி ஒன்பது மாநிலங்கள் ஒப்பினால் போதும் என்றார்கள்? அது சட்ட மீறல் இல்லையா?

#13 பனையேடு

கண்டிப்பாக மீறல்தான். பழைய விதிகளின் 13ஆம் பிரிவு 'எல்லா மாநிலச் சட்டசபைகளும்' என்கிறது. புதிய அரசமைப்பின் 7ஆம் பிரிவு 'ஒன்பது மாநில மாநாடுகள்' என்கிறது. 1787இல் பிலடெல்பியா மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த வேலையும் விதிகளைத் திருத்துவது மட்டுமே. 1774 முதல் அவர்களுக்குப் பழகிய வழி இது: இருக்கும் அவை தடுத்தால் அதற்கு அருகில் வேறோர் அவையைக் கூட்டி, மக்களிடமிருந்து நேரே அதிகாரம் வாங்கியதாகச் சொல்வது. மாசசூசெட்ஸ் மாகாணக் காங்கிரஸ் செய்தது அதுதான், பிலடெல்பியாக்காரர்கள் 1776 மே மாதம் செய்ததும் அதுதான்.

#14 வைகைக்கரை

இங்கே நான் முழுமையாக ஒத்துப்போகவில்லை. 1774இல் மறுபக்கம் இருந்தது மக்கள் தேர்ந்தெடுக்காத ஆளுநர். 1787இல் மறுபக்கம் இருந்தவை தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலச் சட்டசபைகள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் சட்டவிரோதம் என்று முடித்துவிடவும் மாட்டேன். ஏனென்றால் வரைவு 1787 செப்டம்பர் 28 அன்று காங்கிரஸ் வழியாகவே, ஆதரவோ எதிர்ப்போ சொல்லாமல், மாநிலங்களுக்குப் போனது. ஒவ்வொரு சட்டசபையும் தானே மாநாட்டுத் தேர்தலை அறிவித்தது. தடுக்க நினைத்த சட்டசபை தடுத்திருக்கலாம். ரோட் ஐலண்டு தடுத்தும் காட்டியது.

அவசரம் ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸ் போர்க்கடனை வெள்ளிக் காசில் அடைக்கக் கடும் வரி போட்டது. காசு இல்லாத விவசாயிகள் டேனியல் ஷேஸ் போன்றோர் தலைமையில் நீதிமன்றங்களை மூடினார்கள், 1774இல் கற்ற அதே முறையில். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கிப் போனபோது எதிர்கொள்ள காங்கிரஸிடம் பணம் இல்லை. பாஸ்டன் வணிகர்கள் பணம் போட்டுத்தான் மாநிலம் படை திரட்டியது. மாநாட்டுக்குப் போனவர்கள் மனத்தில் அந்தக் குளிர்காலம் இருந்தது.

மாநாடு மே 25 முதல் செப்டம்பர் 17 வரை. 55 பேர் வந்து 39 பேர் கையெழுத்திட்டார்கள். இறுக்கமான கட்டம் ஜூலை 16: கீழவையில் மக்கள்தொகைப்படி, மேலவையில் மாநிலத்துக்குச் சமமாக என்ற சமரசம் ஐந்துக்கு நான்கில் தப்பியது. மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள் இரண்டாகப் பிரிந்து நின்றதால் அதன் ஓட்டு எண்ணிக்கையில் வரவில்லை. அது எதிர்த்து ஓட்டளித்திருந்தால் சமரசம் விழுந்திருக்கும்.

#15 கொற்றவை

மக்கள்தொகை என்றால் யாரை எண்ணுவது? அடிமைகளை ஐந்தில் மூன்று என்று எண்ணும் விகிதம் 1787இல் புதிதாகப் பிறக்கவில்லை. 1783இல் மாநிலங்களின் வரிப் பங்கைக் கணக்கிட காங்கிரஸ் முன்வைத்த திருத்தத்தில் வந்தது. எல்லா மாநிலங்களும் ஏற்காததால் அது நடைமுறைக்கு வரவில்லை. வரி கட்ட வேண்டிய கணக்கு என்றபோது தெற்கு மாநிலங்கள் அடிமைகளைக் குறைவாக எண்ணச் சொன்னன. இடங்கள் கிடைக்கும் கணக்கு என்றபோது கூடுதலாக எண்ணச் சொன்னன. 1787இல் நிலைத்தது இரண்டாவது. ஓட்டில்லாத மனிதர்களின் தலைக்கணக்கு அவர்களை அடிமைப்படுத்தியவர்களுக்குக் கீழவையிலும் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் கூடுதல் பலமாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை தடுக்கக் கூடாது என்ற பிரிவும், தப்பியோடியவரைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவும் சேர்ந்தன. அரசு அமைந்த கதையில் இவை ஓரக் குறிப்புகள் அல்ல, பேரத்தின் மையம்.

#16 இளவேனில்

மாநிலங்கள் ஒப்பியது எளிதாக நடந்ததா? ரோட் ஐலண்டு கடைசியில் எப்படி வழிக்கு வந்தது?

#17 பேரேடு

எளிதாக நடக்கவில்லை. டெலவேர் 1787 டிசம்பர் 7 அன்று முதலில் ஒப்பியது. மாசசூசெட்ஸில் 187க்கு 168. திருத்தங்களைப் பரிந்துரைக்கிறோம் என்று சேர்த்துக்கொண்டதால்தான் தேறியது. ஒன்பதாவது நியூ ஹாம்ப்ஷயர், 1788 ஜூன் 21. சட்டப்படி அதுவே போதும், ஆனால் விர்ஜினியாவும் நியூயார்க்கும் இல்லாமல் அரசு நடக்காது. விர்ஜினியா 89க்கு 79, நியூயார்க் 30க்கு 27. இந்தப் பரிந்துரைகளிலிருந்து வந்ததுதான் 1791இல் நிறைவேறிய உரிமைகள் பற்றிய பத்துத் திருத்தங்கள்.

கைமாற்றம் ஒழுங்காக நடந்தது. பழைய காங்கிரஸே 1788 செப்டம்பர் 13 அன்று தேர்தல் நாட்களைக் குறித்து, 1789 மார்ச் 4 அன்று புதிய அரசு தொடங்கும் என்றது. அந்த நாளில் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. கீழவை ஏப்ரல் 1, மேலவை ஏப்ரல் 6 அன்றுதான் கூட முடிந்தது. வாஷிங்டன் பதவியேற்றது ஏப்ரல் 30. 1774 முதல் காங்கிரஸின் செயலாளராக இருந்த சார்ல்ஸ் தாம்சன் ஜூலையில் முத்திரையையும் ஆவணங்களையும் ஒப்படைத்தார். புதிய அரசின் இரண்டாவது சட்டமே, 1789 ஜூலை 4 அன்று கையெழுத்தான இறக்குமதித் தீர்வைச் சட்டம். தனியாகப் பட்டியலிடாத பெரும்பாலான சரக்குகளுக்கு 5 சதவீதம், 1782இல் ரோட் ஐலண்டு மறுத்த அதே விகிதம்.

ரோட் ஐலண்டை வழிக்குக் கொண்டுவந்ததும் அந்தத் தீர்வைதான். வெளியே நின்றால் அதன் சரக்கு அந்நியச் சரக்கு. முதலில் சில மாதங்கள் விலக்கு கொடுத்தார்கள். 1790 மே மாதம் அதனோடு வணிகத்தையே தடைசெய்யும் மசோதாவை மேலவை நிறைவேற்றியது. பிராவிடென்ஸ் நகர வணிகர்கள் மாநிலத்திலிருந்தே பிரிந்துபோவோம் என்று மிரட்டினார்கள். மே 29 அன்று அதன் மாநாடு 34க்கு 32 என்ற ஓட்டில் ஒப்பியது. இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் 13வது மாநிலம் உள்ளே வந்தது.